பதவி உயர்வா, ஓவர்டைமா: அமெரிக்காவில் நான் போட்ட கணக்கு

அமெரிக்காவில் மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற பலருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும்: "உங்களை ஆண்டுச் சம்பளத்துக்கு மாற்றிவிடலாமா?" எனக்கு வந்தபோது ஒரு சரக்குக் கிடங்கில் மணிக்கு 24 டாலர் வாங்கிக்கொண்டிருந்தேன். புதுப் பதவிக்கு ஆண்டுக்கு 58,000 டாலர். சரி என்று கையெழுத்துப் போட்டேன். பதினான்கு மாதம் கழித்து, நானே கேட்டு மணிக்கணக்குக்குத் திரும்பி வந்தேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

அடிப்படை விதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1938-ல் வந்த ஃபேர் லேபர் ஸ்டாண்டர்ட்ஸ் சட்டப்படி, வாரத்துக்கு 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு கூலி. இந்த வாரம் 50, அடுத்த வாரம் 30, சராசரி 40 என்று சமாளிக்க முடியாது. ஒவ்வொரு வாரமும் தனிக் கணக்கு. கலிஃபோர்னியாவில் ஒரே நாளில் 8 மணி நேரம் தாண்டினாலே ஓவர்டைம் உண்டு.

நான் ஏமாந்த இடம் வேறு. ஆண்டுச் சம்பளம் என்றாலே ஓவர்டைம் கிடையாது என்று நம்பியிருந்தேன். அப்படி இல்லை. ஓவர்டைம் தர வேண்டாம் என்ற விலக்கு செல்லுபடியாக மூன்றும் பொருந்த வேண்டும்: வேலையின் அளவைப் பார்த்து ஏறி இறங்காத நிலையான சம்பளம், வாரத்துக்குக் குறைந்தது 684 டாலர், மூன்றாவதாக, செய்கிற வேலையின் தன்மை. இந்த 684-ஐ உயர்த்தி 2024-ல் வந்த விதியை அதே ஆண்டு நவம்பரில் டெக்சஸ் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதால், மத்திய அளவில் பழைய தொகையே நிற்கிறது. மேலாளர் என்ற பெயரில் விலக்கு தந்தால், நிர்வாகம்தான் முதன்மை வேலையாக இருக்க வேண்டும். முழுநேர ஊழியர் இரண்டு பேரையாவது வழக்கமாக மேற்பார்க்க வேண்டும். ஆளை எடுப்பதிலும் நீக்குவதிலும் நம் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும். சட்டையில் குத்துகிற பதவிப் பெயர் எதையும் தீர்மானிக்காது.

சரி, எனக்கு விலக்கு முறைப்படியே பொருந்தியது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: வாரத்துக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறோம்?

நான் 24 டாலரை 40-ஆலும் 52-ஆலும் பெருக்கி, 49,920 என்று பார்த்து, எட்டாயிரம் டாலர் உயர்வு என்று மகிழ்ந்தேன். என் மனைவிதான் பழைய சம்பளச் சீட்டுகளைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, "நாற்பதோட நிறுத்துன வாரம் எதுங்க? ஒண்ணு காட்டுங்க" என்று கேட்டாள். அதற்குள் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அந்தச் சீட்டுகளில் சராசரி 48 மணி நேரம். நாற்பதுக்கு 960 டாலர், மிச்ச எட்டுக்கு 36 வீதம் 288, ஆக வாரம் 1,248. புதுச் சம்பளமோ வாரத்துக்கு 1,115. வாரம் நாலரை மணி நேரம் ஓவர்டைம் பார்த்தாலே மணிக்கணக்கு முந்திவிடும்.

அதே 48 மணி நேரமாவது நீடித்ததா? மணிக்கணக்கில், நேரம் பதியும் அட்டையைத் தேய்த்து நுழைந்த காலத்தில், ஐந்து நிமிடம் கூடுதலாக நின்றால்கூட மேற்பார்வையாளர் வந்து "கிளம்புங்க" என்பார். நம் நேரம் அவருக்குச் செலவு. அனுமதி இல்லாமல் செய்த ஓவர்டைம் என்றாலும், செய்ய விட்டுவிட்டால் கூலி தந்தாக வேண்டும் என்பதே சட்டம். அட்டை போன பிறகு அந்தத் தடை போய்விட்டது. இரவு ஒன்பதரைக்கு, ஆள் வரவில்லை, லாரி நிற்கிறது என்று செய்தி வரும். சில மாதங்களில் 53 மணி நேரம் பழகிவிட்டது. 1,115-ஐ 53-ஆல் வகுத்தால் மணிக்கு 21 டாலர். பதவி ஏறி, கூலி இறங்கியிருந்தது.

2025 முதல் 2028 வரை இன்னொன்றும் சேர்கிறது. ஃபேர் லேபர் ஸ்டாண்டர்ட்ஸ் சட்டப்படி கிடைக்கும் ஓவர்டைமில், வழக்கமான கூலிக்கு மேல் வரும் பாதிப் பங்கை, என் கணக்கில் மணிக்கு 12 டாலரை, ஆண்டுக்கு 12,500 டாலர் வரை (கணவன் மனைவி சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்தால் 25,000 வரை) மத்திய வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வருமானம் 1,50,000 டாலரை, சேர்ந்து தாக்கல் செய்தால் 3,00,000 டாலரை, தாண்டினால் இந்தக் கழிவு குறையும். விலக்கில் இருப்பவருக்கு இந்த ஓவர்டைமே இல்லை, கழிக்கவும் ஒன்றுமில்லை.

ஆண்டுச் சம்பளத்துக்கும் நல்ல பக்கம் உண்டு. பையனைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போக மதியமே கிளம்பினேன். அந்த அரை நாளுக்காகச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. வேலை மந்தமான வாரத்திலும் முழுத் தொகை வரும். மணிக்கணக்கில் வேலை இல்லையென்றால் பணமும் இல்லை. நான் பார்த்தது ஒரே கிடங்கு, முதல் படி மேலாளர் பதவி மட்டும்தான். அங்கிருந்து மேலே ஏறிப் போனவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரலாம். வாரம் நாற்பதோடு உண்மையிலேயே நிற்கிற அலுவலக வேலை என்றால் நானே ஆண்டுச் சம்பளத்தைத்தான் எடுப்பேன்.

இடைப்பட்ட வழியும் இருக்கிறது: ஆண்டுச் சம்பளம், ஆனால் விலக்கு இல்லை, ஓவர்டைம் உண்டு. சட்டம் இதைத் தடுக்கவில்லை. திரும்பிப் போகக் கேட்டபோது இதைத்தான் முதலில் கேட்டேன், தர மறுத்தார்கள். அப்புறம்தான் பழைய அட்டையைக் கேட்டு வாங்கினேன்.