இன்டர்நேஷனல் ஸ்கூலா, இணையப் பள்ளியா? தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலை மாறி வந்த குடும்பமானாலும், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பமானாலும், இன்டர்நேஷனல் பள்ளியின் கட்டணப் பட்டியலைப் பார்த்ததும் மலைத்துப்போவது ஒன்றுதான். இணையப் பள்ளியோ மாதம் சில ஆயிரம் ராண்டில் முடிகிறது. கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் பெயரில் 2022-இல் இணைய உயர்நிலைப் பள்ளி தொடங்கியபோது மாதக் கட்டணம் 2,095 ராண்ட். அதற்குப் பிறகு போட்டிக்குப் பஞ்சமில்லை.

ஆனால் கட்டணத்தை வைத்து ஒப்பிடத் தொடங்கினால் கணக்கு தப்பும். பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும்போது கையில் என்ன சான்றிதழ் இருக்கும், அதற்கான தேர்வை எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து எழுதும் என்பதை முதலில் பாருங்கள். அங்கிருந்து பின்னோக்கி வந்தால்தான் மலிவானது எது என்று தெரியும்.

முதலில் சட்டம். 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிச் சட்டம் பேசுவது அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, வீட்டுக் கல்வி ஆகிய மூன்றைத்தான். அதனால் இணையத்தில் படிக்கும் பிள்ளையை வீட்டுக் கல்வி மாணவராக மாகாணக் கல்வித் துறையில் பதிவு செய்வதே பாதுகாப்பு. பதிவு செய்வது பெற்றோரின் பொறுப்பு. 2024 செப்டம்பரில் கையெழுத்தான பெலா என்னும் அடிப்படைக் கல்விச் சட்டங்கள் திருத்தச் சட்டத்தால், முதல் வகுப்புக்கு முந்தைய கிரேடு ஆர் முதலே கல்வி கட்டாயம். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும், அதாவது கிரேடு 3, 6, 9-இல், மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். பிள்ளையின் விடைத்தாள்களையும் மதிப்பெண்களையும் முதல் மாதத்திலிருந்தே ஒரு ஃபைலில் சேர்த்து வாருங்கள்.

உள்ளூர் மெட்ரிக் வழி

கேப்ஸ் என்னும் தேசியப் பாடத்திட்டம் படித்து, கிரேடு 12 முடிவில் மெட்ரிக் எழுதுவது. இணைய மாணவர்களுக்கு இதில் இரண்டு தேர்வு அமைப்புகள்: ஐஈபி, சாக்காய். இரண்டுக்கும், தேர்வுத் தரத்தைக் கண்காணிக்கும் உமாலுசி அமைப்பின் அங்கீகாரம் உண்டு. கிடைக்கும் தேசிய சான்றிதழும் ஒன்றுதான். பொதுவாக சாக்காய் வழி நடத்தும் பள்ளிகள் மலிவு.

சிக்கல் எங்கே என்றால், மெட்ரிக் மூன்று வருடப் படிப்பு. பெரும்பாலான பாடங்களில் இறுதி மதிப்பெண்ணில் 25 சதவீதம் பள்ளி மதிப்பீட்டிலிருந்து வருகிறது. கிரேடு 10-இன் தொடக்கத்திலேயே தேர்வு அமைப்பில் பதிவான பள்ளியில் சேர்ந்திருக்க வேண்டும். கிரேடு 11 வரை வீட்டில் நாமாகவே பாடம் நடத்திவிட்டுக் கடைசி வருடம் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது.

அடுத்தது மொழி. மெட்ரிக்குக்கு இரண்டு அதிகாரப்பூர்வ மொழிகள் தேவை. ஆங்கிலத்தோடு ஆஃப்ரிகான்ஸ், இசிஸூலு போன்ற இன்னொன்றையும் படித்தாக வேண்டும். சென்னையிலிருந்து நடுவில் வந்த பிள்ளைக்கு இதுதான் பெரிய பாரம். ஆனால் கிரேடு 7-இலோ அதற்கு மேலோ முதன்முறையாக இந்நாட்டுக் கல்வியில் சேரும் குடியேறிய மாணவருக்குச் சலுகை உண்டு: ஒரு அதிகாரப்பூர்வ மொழி போதும், மற்றதற்குப் பதிலாக வேறு பாடம் எடுக்கலாம். இந்தச் சலுகை தானாக வராது. கேட்டு, விண்ணப்பித்து, எழுத்தில் வாங்க வேண்டும்.

கேம்பிரிட்ஜ் வழி

வேறு நாட்டுக்கு மாறக்கூடிய குடும்பங்கள் பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் நடத்தும் ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு அளவு), பிறகு அதற்கு மேலான ஏஎஸ், ஏ லெவல் என்று போகின்றன. இங்கே பள்ளி மதிப்பீட்டுப் பிரச்சினை கிடையாது. தனித் தேர்வராகப் பதிந்து ஜூனிலோ நவம்பரிலோ எழுதலாம். ஆனால் இணையப் பள்ளிக்குக் கட்டும் பணத்தில் தேர்வுக் கட்டணம் பெரும்பாலும் அடங்காது. ஒரு பாடத்துக்கே சில ஆயிரம் ராண்ட் ஆகும். ஐந்து பாடம் என்றால் பெருக்கிப் பாருங்கள்.

அறிவியல் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஐஜிசிஎஸ்இ இயற்பியலில் செய்முறைக்கு இரண்டு வழி உண்டு: தாள் 5 ஆய்வகத் தேர்வு, தாள் 6 அதற்கு மாற்றான எழுத்துத் தேர்வு. வீட்டிலிருந்து படிப்பவர்கள் தாள் 6 எழுதித் தப்பித்துவிடலாம். ஏஎஸ் வந்ததும் அந்தக் கதவு மூடிவிடும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் தாள் 3 இரண்டு மணி நேர ஆய்வகத் தேர்வு. மாற்றுத் தாள் கிடையாது. தனித் தேர்வர்களுக்கு ஆய்வகம் திறந்துவிடும் மையங்கள் குறைவு. பிள்ளை இரண்டு வருடம் பாடம் படித்துவிட்டு, பதிவு நேரத்தில் மையம் கிடைக்காமல் நிற்கும் நிலை இதனால்தான் வருகிறது. பணம் கட்டும் முன் பள்ளியிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: தாள் 3-ஐ எந்த மையத்தில் எழுதுவது? பெயர் சொல்லாமல் மழுப்பினால் அங்கே அறிவியல் சேர்க்க வேண்டாம்.

எடெக்செல் வழி

பிரிட்டனின் இன்னொரு தேர்வு அமைப்பான பியர்சன் எடெக்செலின் இன்டர்நேஷனல் ஏ லெவலில் செய்முறைத் திறன் எழுத்துத் தாளாகவே சோதிக்கப்படுகிறது. ஆய்வகம் தேட வேண்டாம். பாடம் அலகு அலகாகப் பிரிந்திருப்பதால், சரியாக எழுதாத அலகை மட்டும் மறுபடி எழுதலாம். வருடத்தில் ஜனவரி, ஜூன், அக்டோபர் என்று மூன்று வாய்ப்பு. வீட்டிலிருந்து அறிவியல் படிக்கும் பிள்ளைக்குக் கேம்பிரிட்ஜைவிட இதுவே பொருந்தும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரு விலக்கு மட்டும்: இந்தியாவில் மருத்துவம் படிக்கப்போகிற பிள்ளை. அங்கே தகுதி விதி செய்முறைத் தேர்வோடு கூடிய இயற்பியல், வேதியியல், உயிரியலைக் கேட்கிறது. அவர்களுக்கு ஆய்வகத் தாள் எழுதும் வழியே நல்லது.

கேம்பிரிட்ஜோ எடெக்செலோ, தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு சேர பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான யூசாஃப் வழங்கும் மெட்ரிக் விலக்குச் சான்றிதழ் தேவை. எந்தப் பாடங்கள் சேர வேண்டும், எத்தனை தேர்வு அமர்வுக்குள் முடிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது. பாடம் தேர்வு செய்யும் நாளிலேயே அந்த விதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் எழுதினால் முடிவு ஜனவரியில்தான் வரும். பல்கலைக்கழகம் பிப்ரவரியில் திறந்துவிடும். முக்கியமான பாடங்களை ஜூனிலேயே முடிப்பது நிம்மதி.

பள்ளிப் படிப்பு முடித்ததற்கு ஈடான அமெரிக்க ஜிஇடி தேர்வு மலிவு, சீக்கிரம் முடியும். ஆனால் இந்நாட்டில் பட்டப்படிப்பு சேர அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

நேரலையா, பதிவு வகுப்பா?

முன்பே பதிவு செய்த வீடியோவில் நடக்கும் பதிவு வகுப்பு பாதி விலை என்று தோன்றும். கிரேடு 7-க்குக் கீழே உள்ள பிள்ளையை வீடியோ முன் தனியாக உட்காரவைத்தால் இரண்டு வாரத்தில் பாடம் தேங்கும். தினம் மூன்று நான்கு மணி நேரம் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் சின்னப் பிள்ளைக்கு இணையப் பள்ளி வேண்டாம். நல்ல அரசுப் பள்ளியும் மாலை வகுப்பும் அதைவிட மேல்.

பிரிட்டனிலிருந்து நடத்தும் நேரலைப் பள்ளி என்றால் நேரத்தையும் பாருங்கள். அங்கே காலை 9 மணி என்றால், பிரிட்டனின் குளிர்கால நேரத்தில் இங்கே 11, அதன் கோடைக்கால நேரத்தில் இங்கே 10. சென்னை ட்யூஷன் ஆசிரியருக்கு நம் மாலை 6 மணி, இரவு 9.30.

நேரலை வீடியோ மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி எடுக்கும். தினம் 4 மணி நேரம், மாதம் 20 நாள் என்றால் 80 ஜிபி. மொபைல் டேட்டாவில் இது கட்டாது. வரம்பில்லாத ஃபைபர் இல்லாத வீடு பதிவு வகுப்பையே எடுக்கட்டும்.

மின்வெட்டு குறைந்திருக்கிறது, ஆனாலும் தேர்வு நாளில் வந்துவிட்டால் என்ன செய்வது? ரவுட்டருக்கான சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். பெட்டியில் 8,800 எம்ஏஎச் என்றிருந்தால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும்: சுமார் 32 வாட்-மணி. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து 13 வாட் இழுத்தால், வீணாவது போக இரண்டு மணி நேரம் தாங்கும். இரண்டரை மணி நேர வெட்டுக்கு அது போதாது, ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள். ரவுட்டர் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று அதன் அடியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துச் செருகுங்கள். மாறினால் ரவுட்டரே போய்விடும்.

தமிழ்

இந்நாட்டு அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடும் மொழிகளில் தமிழும் ஒன்று. இணையப் பள்ளிகளின் பாடப் பட்டியலிலோ பெரும்பாலும் அது இருக்காது. டர்பனில் 1929-இல் திறந்த சாஸ்திரி கல்லூரி, நம்மவர்கள் காசு திரட்டிக் கட்டியது. கேட்டால் கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள் அல்ல அவர்கள். நீங்களும் சேர்க்கைக்கு முன் தமிழைக் கூடுதல் பாடமாகத் தருவீர்களா என்று எழுதிக் கேளுங்கள். பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் ஒரு வகுப்புக்கு ஆள் இருக்கிறது என்று பள்ளிக்குத் தெரியும். அதுவரை கோயில், சபை நடத்தும் வார இறுதி வகுப்பின் நேரத்தை இணையப் பள்ளியின் கால அட்டவணையோடு ஒட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சனிக்கிழமை காலையில் மாதாந்திரத் தேர்வு வைக்கும் பள்ளி என்றால், முதலில் நழுவிப்போவது தமிழ் வகுப்புதான்.