செஸ்னா 172-இல் உலகைச் சுற்றிய இரண்டு வருடம்: திட்டமிடல் அனுபவம்

கணினியில் விமானம் ஓட்டும் ஃப்ளைட் சிமுலேட்டரில், செஸ்னா 172 என்ற சின்ன ஒற்றை எஞ்சின் விமானத்தில் உலகைச் சுற்றி முடித்து ஒரு மாதம் ஆகிறது. 78 லெக் (கிளம்பி இறங்கும் வரை ஒரு லெக்), 20,000 கடல் மைலுக்குச் சற்று மேல், காக்பிட்டில் உட்கார்ந்திருந்த நேரம் கிட்டத்தட்ட 175 மணி. நேரத்தை வேகமாக ஓட்டும் வசதியை ஒருமுறைகூடத் தொடவில்லை. திட்டம் போட நான்கு மாதம், பறக்க ஏறக்குறைய இரண்டு வருடம். இதில் எனக்கு அதிகம் பிடித்துப்போனது அந்த நான்கு மாதம்தான். அதனால் திட்டமிடல் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் போட்ட திட்டம் தேறவில்லை. பார்க்க ஆசைப்பட்ட ஊர்களை எழுதி, கோடு போட்டு இணைத்துக்கொண்டே போனேன். நிலம் இருக்கும்வரை நன்றாக வந்தது. ஹவாய்க்கும் கலிஃபோர்னியாவுக்கும் நடுவே நின்றுவிட்டது. 2,000 கடல் மைலுக்கு மேல் தண்ணீர், இடையில் இறங்க ஒரு இடம் கிடையாது. செஸ்னா 172எஸ்-இல் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 53 கேலன். மணிக்குச் சுமார் 9.5 கேலன், 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) வேகம் என்று வைத்தால், கடைசிச் சொட்டு வரை பறந்தாலும் 670 கடல் மைலைத் தாண்டாது. 1964-இல் ஜெர்ரி மாக் ஒற்றை எஞ்சின் செஸ்னா 180-இல் தனியாக உலகைச் சுற்றி, அப்படிச் சுற்றிய முதல் பெண் ஆனார். அவர் ஹவாயிலிருந்து கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டுக்குப் பறந்தது உண்மைதான். ஆனால் விமானத்துக்குள் கூடுதல் டேங்குகள் வைத்துக்கொண்டுதான் பறந்தார். எனக்கு அப்படி எதையும் சேர்க்க மனமில்லை, வழக்கமான 172 விமானத்திலேயே சுற்ற வேண்டும் என்று இருந்தேன்.

ஆகவே தலைகீழாகத் தொடங்கினேன். ஊர்ப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடல்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு கடலையும் எங்கே கடக்க முடியும் என்பது தெரிந்த பிறகுதான் நிலத்தில் எந்த வழி என்று யோசித்தேன். புதிதாகத் திட்டம் போடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

அட்லாண்டிக் எளிதாகவே அமைந்தது. கனடாவின் இக்காலுவிட், கிரீன்லாந்தின் நூக், அதே தீவின் கிழக்குக் கரையில் குலுசுக், அப்புறம் ரெய்க்யவிக், ஃபரோ தீவுகளின் வாகர், ஸ்காட்லாந்தின் விக். எந்த லெக்கும் 450 கடல் மைலைத் தாண்டவில்லை. பசிபிக்குக்கு வடக்கே அலூஷியன் தீவுகளைப் பிடித்தேன். ஆனால் கம்சாட்காவின் பெட்ரோபாவ்லாவ்ஸ்கிலிருந்து அமெரிக்கப் பக்கத்து ஷெம்யா தீவுக்கு 560 கடல் மைலுக்கு மேல். போகலாம், ஆனால் எரிபொருள் கையிருப்பு மிகவும் குறைவு. வரைபடத்தைப் பெரிதாக்கி, இரண்டுக்கும் நடுவே மெதுவாக நகர்த்திப் பார்த்த இரவு இன்னும் நினைவிருக்கிறது. பேரிங் தீவில் ஒரு சின்னக் குறி. நிகோல்ஸ்கோயே விமானத் தளம். 560 மைல் ஏறக்குறைய 290, 320 என்று இரண்டாக உடைந்தது. பிறகு படித்தால், 1924-இல் முதன்முதலாக உலகைச் சுற்றிய அமெரிக்க ராணுவ விமானங்களும் அந்த ஊர்க் கரையோரம்தான் கடலில் இறங்கியிருக்கின்றன. சோவியத் அனுமதி இல்லாததால் மறுநாள் காலையே கிளம்பிவிட்டார்கள்.

ஆக, என் பயணத்தில் மிக நீளமான லெக் பசிபிக்கிலும் இல்லை, அட்லாண்டிக்கிலும் இல்லை. சகாலின் தீவின் ஒகாவிலிருந்து பெட்ரோபாவ்லாவ்ஸ்க்கு, ஒகோட்ஸ்க் கடலின் மேல் சுமார் 555 கடல் மைல். காற்றே இல்லாவிட்டால் இறங்கும்போது ஒரு மணி நேரத்துக்கும் குறைவான எரிபொருள்தான் மிஞ்சும். நான் வைத்துக்கொண்ட விதி ஒரு மணி நேரம். எனவே குறைந்தது 10 நாட் பின்காற்று இருந்தால்தான் கிளம்புவது என்று முடிவெடுத்தேன். கிழக்கு நோக்கிச் சுற்றியதற்கும் இதுதான் காரணம், அந்த அட்சரேகைகளில் பெரும்பாலும் மேற்குக் காற்றுதான்.

இன்னொரு பக்கம், பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பின் விதி என்னைத் தெற்கே இழுத்தது. உலகைச் சுற்றியதாகக் கணக்கில் வர, எல்லாத் தீர்க்கரேகைகளையும் கடந்து, கிளம்பிய இடத்திலேயே இறங்கி, குறைந்தது 36,787.559 கிலோமீட்டர் பறந்திருக்க வேண்டும். அது கடக ரேகையின் நீளம், கடல் மைலில் 19,864. சிமுலேட்டரில் யாரும் வந்து அளக்கப் போவதில்லை. ஆனாலும் வடக்கிலேயே சுற்றிவிட்டு உலகைச் சுற்றினேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏதென்ஸில் கிளம்பி, கராச்சி, கொழும்பு, கொல்கத்தா, யாங்கூன் என்று கரையை ஒட்டியே சிங்கப்பூர் வரை இறங்கிவிட்டு, அங்கிருந்து ஜப்பானுக்கு ஏறினேன். ஏதென்ஸில் தொடங்கியதில் ஒரு நன்மையும் இருந்தது: குளிர்க்கடல்கள் வரும்போது விமானம் நன்றாகக் கைக்குப் பழகியிருந்தது.

கருவிகளைப் பொறுத்தவரை, கடைசி வரை கூட வந்தது லிட்டில் நேவ்மேப். வரைபடத்தில் பாதை போட உதவும் இலவச மென்பொருள். சிமுலேட்டரில் உள்ள விமான நிலையங்களையே படித்துக் காட்டுவதால், அங்கே இல்லாத ஓடுபாதையை நம்பிப் போகும் ஆபத்து இல்லை. ஓடுபாதை நீளத்தை வைத்து வடிகட்டலாம், ஓரிடத்திலிருந்து எட்டக்கூடிய தூரத்தை வட்டமாகப் போட்டுப் பார்க்கலாம். நாம் பறக்கும்போதே விமானம் எவ்வளவு எரிபொருள் குடிக்கிறது என்று பதிவு செய்து அடுத்த திட்டத்துக்குத் தருவது எனக்குப் பெரிய உதவி. கையேட்டு எண்களைவிட அந்த எண்களைத்தான் நம்பினேன். பறக்கும் திட்டம் போட்டுத் தரும் சிம்பிரீஃப் இணையதளத்தையும் பார்த்தேன், ஜெட் ஓட்டுகிறவர்களுக்கு அருமையான சேவை. சின்ன பிஸ்டன் விமானத்துக்கு எனக்குத் தேவைப்படவில்லை.

கிரீன்லாந்து பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நூக்கிலிருந்து குலுசுக்குப் போக நடுவில் பனிப்பாளத்தைத் தாண்ட வேண்டும். அந்தப் பனியின் மேற்பரப்பே 8,000 அடி உயரத்துக்கு மேல் இருக்கிறது. அந்தந்த நேரத்து நிஜ வானிலையையே சிமுலேட்டரில் வைத்துப் பறந்ததால் ஆறு நாள் நூக்கிலேயே காத்திருந்தேன். மற்ற இடங்களில் இறக்கையில் பனி படிந்தால் கீழே இறங்கி, சற்று வெப்பமான காற்றைத் தேடலாம். இங்கே இறங்க இடமில்லை. ஏழாம் நாள் மேகம் விலகி, 11,500 அடியில் கிளம்பினேன். ஒரு மணி நேரம் கழிந்ததும் அடிவானமே தெரியவில்லை, தரையும் வானமும் ஒரே வெள்ளை. உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் 11,500 காட்டினாலும் பனி 3,000 அடிக்குள் இருக்கிறது என்பது திட்டத்தின் உயர வரைபடத்தைப் பார்த்ததால்தான் தெரிந்தது. கண் சொல்வதை விட்டுவிட்டு மீட்டர்களை மட்டும் பார்த்து ஓட்டிய அந்த நாற்பது நிமிடம் இந்த இரண்டு வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது.

திட்டத்தில் நான் விட்டுவிட்டவையும் உண்டு. முதல்முறை ஒகோட்ஸ்க் கடலின் மேல் மூன்றாம் மணி நேரத்தில் சிமுலேட்டர் அப்படியே மூடிக்கொண்டது. மறுநாள் ஒகாவிலிருந்து மறுபடி பறந்தேன். அதற்குப் பிறகு அரை மணிக்கு ஒருமுறை சேமிப்பதையும் திட்டத்தில் எழுதிக்கொண்டேன். தேதிக் கோடு இன்னொன்று. நிகோல்ஸ்கோயேயிலிருந்து ஷெம்யாவுக்குப் போனபோது, இறங்கிய தேதி கிளம்பிய தேதிக்கு முந்தையதாக இருந்தது. உள்ளூர் நேரத்தில் எழுதிய பதிவேட்டை முழுவதும் யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றி எழுத ஒரு வாரம் போனது. முதல் நாளிலிருந்தே யுடிசியில் எழுதுங்கள். வெளிச்சத்தையும் கணக்கில் சேருங்கள்: 60 டிகிரி வடக்கில் ஒரு டிகிரி தீர்க்கரேகை 30 கடல் மைல்தான், அங்கே 120 நாட்டில் கிழக்கே போனால் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் சூரிய அஸ்தமனம் 16 நிமிடம் முன்னால் வந்துவிடும்.

இப்போது அதே பாதையை மேற்கு நோக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பெட்ரோபாவ்லாவ்ஸ்க்கிலிருந்து ஒகாவுக்கு 25 நாட் எதிர்காற்று என்றால் ஐந்தே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், 53 கேலன் போதாது. கிழக்குக் காற்று அடிக்கும் ஒரு நாள் வேண்டும். தினமும் காலையில் ஒகோட்ஸ்க் கடலின் காற்று வரைபடத்தைத் திறந்து பார்க்கிறேன்.