டர்பனில் ஒரு ஜெர்மன் மாலை வகுப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஆங்கிலவழியில் பள்ளிப்படிப்பை முடித்த நான், அதே நகரில் நடக்கும் ஜெர்மன் மாலை வகுப்பொன்றில் 12 வாரங்கள் படித்தேன். மொழியைப் பண்பாட்டோடு சேர்த்துக் கற்பிப்பதே இதன் பெரும்பலம். ஆசிரியை முதல் நாளே மேசையில் ரொட்டி, பாலாடைக்கட்டி பரப்பி, ஜெர்மனியில் இரவு உணவு பெரும்பாலும் சமைக்காத இத்தகைய ரொட்டி உணவுதான் என்று விளக்கியபடி, ஜெர்மன் இலக்கணப்படி கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டிலும் சேராதது என்று கையில் எடுத்துக் காட்டினார். அந்த மூன்றும் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

துணைவாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போகும் இடத்தில் ஆங்கிலம் மட்டுமே அறிந்த தோழர்கள் திணறினார்கள். 'வைல் இஷ் டொய்ட்ஷ் லெர்னெ' என்பதை 'நான் ஜெர்மன் படிப்பதால்' என்று தமிழில் நினைத்ததும் எனக்கு வழி திறந்துவிட்டது. 'டூ', 'ஸீ' வேறுபாடும் நமது நீ, நீங்கள் போன்றதுதான்.

தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பு, மதித்துப் போற்ற வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் ஜெர்மனையும் தமிழையும் ஒரே பிரிவில் குறிப்பிடுகிறது. டர்பனுக்கு அருகிலேயே, 1848இல் ஜெர்மானியர் குடியேறிய நியூ ஜெர்மனி என்ற ஊர் இருக்கிறது. இவற்றையெல்லாம் வகுப்பில் ஒரு நாளாவது பேசியிருக்க வேண்டும் என்பது என் உண்மையான வருத்தம்.

மற்றொரு குறை, ஒரே அறையில் 18 பேர் அமர்ந்ததால் வாய்விட்டுப் பேசும் வாய்ப்பு அரிதாகவே வந்தது. ஆயினும் அடுத்த நிலைக்கும் பணம் கட்டிவிட்டேன். சேர நினைப்பவர்கள், எண்ணிக்கை குறைவாக இருக்கும் சனிக்கிழமைக் காலை வகுப்பைக் கேட்டு வாங்குங்கள்.