முதல் ப்ரொபோசல்: தனியாகவா, கூட்டாகவா?

மத்திய அரசின் ஆய்வு நிதிக்கு முதன்முறை எழுதும் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்கள் பலரும் இங்கேதான் தயங்கி நிற்கிறார்கள்: நாம் மட்டும் முதன்மை ஆய்வாளராக எழுதுவதா, வேறு நிறுவனத்துக்காரர் ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்ப்பதா? வேதியியலில் இரண்டு வகைத் திட்டத்தையும் நடத்திய பிறகு, அடுத்ததை நான் தனியாகவே எழுதினேன். முதல் ப்ரொபோசல் என்றால் உங்களுக்கும் அதையே சொல்வேன்.

கூட்டின் நன்மைகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். அனுபவசாலி ஒருவரின் பெயர் இருந்தால் மதிப்பீட்டாளருக்கு நம்பிக்கை வரும், நம்மிடம் இல்லாத திறமையும் கிடைக்கும். ஆனால் பலர் கூட்டாளி தேடுவது கருவிக்காகத்தான். அதற்கு அவசியமில்லை. சென்னை ஐஐடியில் உள்ள சைஃப் என்ற பொதுக் கருவி மையத்தில், மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் என்எம்ஆர், ஒற்றைப்படிக எக்ஸ்ஆர்டி போன்ற சோதனைகளைக் கட்டணம் கட்டிச் செய்துகொள்ளலாம். நாட்டில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று ஐ-ஸ்டெம் என்ற அரசு இணையதளத்தில் தேடலாம். மாதிரிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, அந்தக் கட்டணத்தை பட்ஜெட்டில் காட்டிவிட்டால் போதும்.

என்னை முடிவெடுக்க வைத்தது யூசி, அதாவது தந்த பணத்தை எதற்குச் செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிந்ததும் எந்தத் தலைப்பில் எவ்வளவு செலவு, மிச்சம் எவ்வளவு என்ற செலவு அறிக்கையோடு, பொது நிதி விதிகள் 2017-இன் 12-ஏ படிவத்தில் யூசி போக வேண்டும். நிதிப் பொறுப்பாளரும் நிறுவனத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். அது போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த தவணை வரும். பணம் இரு நிறுவனங்களுக்குப் பிரிந்து போகும் திட்டத்தில் இந்த வேலை இரண்டு நிதி அலுவலகங்களில் நடக்கிறது. அதில் ஒன்றின் மேல் நமக்கு எந்தப் பிடியும் இல்லை.

எங்கள் கூட்டுத் திட்டத்தில் மறுபக்கத்து அலுவலகத்தில் கோப்பு தேங்கியது. இணை ஆய்வாளர் அருமையான மனிதர், அவரும் அலைந்து பார்த்தார். அடுத்த தவணை நின்றது, திட்டத்தில் இருந்த ஜேஆர்எஃப்-இன், அதாவது இளநிலை ஆய்வு மாணவரின், உதவித்தொகையும் நின்றது. விடுதிக் கட்டணத்துக்கும் வீட்டுக்கு அனுப்புவதற்கும் அந்த மாணவர் நம்பியிருந்தது அதைத்தான். இந்த நிலையை இன்னொரு மாணவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தொகையும் சிறியதல்ல. 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப்-க்கு மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து எஸ்ஆர்எஃப், அதாவது முதுநிலை ஆய்வு மாணவர், ஆனால் 42,000. வீட்டு வாடகைப்படி சேர்க்காமலே மூன்று ஆண்டுக்கு 13,92,000 ஆகிறது. நிறுவனத்துக்கு ஒருவர் என்று இரண்டு பேரைக் கேட்டால் 27,84,000. ப்ரொபோசலை மதிப்பிடும் நிபுணர் குழு பட்ஜெட்டைக் குறைக்கச் சொன்னால் யாருடைய ஆளை விடுவது? தனித் திட்டத்தில் இந்தச் சங்கடமே எழாது.

சரி, கூட்டு தவிர்க்க முடியாத இடங்களும் உண்டு. நோயாளிகளின் மாதிரி தேவைப்படும் ஆய்வை மருத்துவமனை மருத்துவர் ஒருவரும் நெறிமுறைக் குழு ஒப்புதலும் இல்லாமல் நடத்த முடியாது. இருநாட்டுத் திட்டங்களுக்கு அந்த நாட்டுக் கூட்டாளி வேண்டும். அதில் எனக்கு அனுபவம் குறைவு, உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். சமூக அறிவியலில் பல ஊர்களில் களப்பணி என்றால் என் கணக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம்.

துணை வேண்டும் என்று தோன்றினால் முதலில் உங்கள் வளாகத்திலேயே இன்னொரு துறையில் ஆள் தேடுங்கள். இணை ஆய்வாளரும் கிடைப்பார், கணக்கும் ஒரே அலுவலகத்தில் இருக்கும். வெளியாளைத்தான் சேர்க்க வேண்டும் என்றால், ப்ரொபோசலை அனுப்பும் முன் அவருடைய நிறுவனத்தில் ஏற்கெனவே திட்டம் நடத்தியவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மார்ச் முடிந்தபின் யூசி கைக்கு வர அங்கே எத்தனை மாதம் ஆகிறது?