மரீனா பேயா, ஓடைபாவா? சேலத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

ஏற்காடு ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று கீழே மின்னும் சேலத்தைப் பார்த்து அலுத்துப்போன வீடுகளில் இப்போது பாஸ்போர்ட் பேச்சு நடக்கிறது. தண்ணீர் ஓரமாக, விளக்கும் விசித்திரக் கட்டடமுமாக, நாளைய நகரம் மாதிரி ஓர் இடம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஆசியாவுக்குள் தேடினால் இரண்டு பெயர்கள் அடிக்கடி அடிபடும்: சிங்கப்பூரின் மரீனா பே, டோக்கியோவின் ஓடைபா. இரண்டுமே கடலைத் தூர்த்து எடுத்த நிலம். ஒற்றுமை கிட்டத்தட்ட அதோடு சரி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோர், பிள்ளைகள் என்று வீட்டோடு போகிறவர்களுக்கு மரீனா பே. டோக்கியோ போகிறவர்கள் ஓடைபாவுக்கு அரை நாள் ஒதுக்கலாம். அதற்காகவே டோக்கியோ போக வேண்டியதில்லை.

போக்குவரத்திலேயே பாதி முடிவு ஆகிவிடுகிறது. சிங்கப்பூருக்குத் திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். டோக்கியோ என்றால் பெங்களூரு போய், அந்த ஊர் நெரிசலையும் தாண்டி விமான நிலையம் சேர்ந்து, அப்புறம் எட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். விசா இரண்டுக்கும் வேண்டும்.

மரீனா பேயில் எனக்குப் பிடித்தது, நல்லதெல்லாம் இலவசம் என்பதுதான். கார்டன்ஸ் பை த பே பூங்காவில் 25 முதல் 50 மீட்டர் வரை உயரமுள்ள இரும்பு மரங்கள் நிற்கின்றன. கொடியும் செடியும் அவற்றின் மேல் படர்ந்திருக்கும். வழக்கமாக இரவு 7.45க்கும் 8.45க்கும் அவை பாட்டுக்கு ஏற்ப ஒளிரும். அடியில் தரையிலேயே மல்லாந்து படுத்துப் பார்க்கிறவர்கள்தான் விவரமானவர்கள். முதல் காட்சியை முடித்துக்கொண்டு, மரீனா பே சாண்ட்ஸ் ஓட்டல் வழியாக நிதானமாக நடந்து மறுபக்கம் வந்தால், 9 மணிக்குத் தண்ணீர்மேல் லேசர் காட்சி. அதற்கும் டிக்கெட் இல்லை. மூன்று கோபுரங்களின் தலையில் கப்பலை ஏற்றி வைத்தது போன்ற அந்த ஓட்டல் 2010இல் திறந்தது. வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி. உச்சியிலுள்ள நீச்சல் குளம் அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும். பார்வை மாடத்துக்குக் காசு கொடுப்பதைவிட, அதே பூங்காவிலுள்ள கிளவுட் ஃபாரஸ்ட் கண்ணாடிக் கூடத்துக்குக் கொடுக்கலாம். உள்ளே 35 மீட்டர் அருவி, மலைக்காட்டுச் செடிகள், நல்ல குளிர். சேர்வராயன் மலைக்காரர்கள் "இதெல்லாம் நம்ம ஊரில் சும்மாவே இருக்கிறதே" என்று சொல்லக்கூடும். சொல்லட்டும், ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

பெரும்பாலானவர்கள் தவறவிடும் இடம் மரீனா பாராஜ். மேட்டூர் அணையைச் சொந்தமாக நினைக்கிற மாவட்டத்துக்காரர்கள் அங்கே போகாமல் திரும்பக் கூடாது. 2008இல் விரிகுடா கடலைச் சேரும் கால்வாயின் முகத்துவாரத்தில் 350 மீட்டர் அகலத்துக்கு ஒரு தடுப்பைக் கட்டி, கடலை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே மழைநீர் சேரச் சேர உப்பு போய், விரிகுடா நன்னீர் ஏரியாகிவிட்டது. லேசர் ஆடுகிற அதே தண்ணீர்தான் சுத்திகரிப்புக்குப் பிறகு ஊருக்குக் குடிநீர். பெருமழையில் மதகைத் திறந்து கடலுக்கு விடுகிறார்கள். கடல் ஏற்றமாக இருந்தால் பம்பு வைத்து இறைக்கிறார்கள். மேல்கூரை புல்வெளி, மாலையில் பட்டம் விடுகிறார்கள். இருக்கிற அத்தனை காட்சியிலும் எதிர்காலம் என்று நான் நம்புவது இதைத்தான்.

ஓடைபாவின் எதிர்காலமோ 1990களில் கனவு கண்டது. 1853இல் அமெரிக்கக் கப்பல்கள் வந்து மிரட்டியபோது கடலுக்குள் கட்டிய பீரங்கி மேடைகள்தான் தொடக்கம். ஒன்று இன்று பூங்கா. 1996இல் பெரிய உலக நகரக் கண்காட்சி நடத்துவதாக இருந்து, பொருளாதாரம் சரிந்த நேரத்தில், முந்தைய வருடமே டோக்கியோ ஆளுநர் ரத்து செய்தார். அந்தக் காலத்து மிச்சமாக, கென்சோ டாங்கே வடிவமைத்த ஃபூஜி டிவி கட்டடம் நடுவில் ஒரு பெரிய உருண்டையைத் தாங்கி நிற்கிறது. பழைய யூடியூப் வீடியோக்களை நம்பிப் போகாதீர்கள். 115 மீட்டர் ராட்டினம், வீனஸ்ஃபோர்ட் மால், டீம்லேப் பார்டர்லெஸ் என்ற டிஜிட்டல் கலைக்கூடம் மூன்றும் 2022இல் அங்கே மூடப்பட்டன. மிரைக்கான் அறிவியல் கூடத்தின் அசிமோ ரோபோவும் அதே வருடம் ஓய்வு பெற்றது. கூடம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு நல்ல இடம். அனிமே தொடரில் வரும் கண்டாம் ரோபோவின் 19.7 மீட்டர் சிலைக்காகப் போகிறவர்கள், அது நிற்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு அங்கிருந்த சிலையை 2017இல் எடுத்துவிட்டுத்தான் இதை வைத்தார்கள்.

ஆனால் போகிற வழியில் ஓடைபா ஜெயித்துவிடுகிறது. ஷிம்பாஷியில் ஏறும் யுரிகமோமே ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. அதனால் முன் இருக்கையில் பிள்ளைகளை உட்காரவைக்கலாம். ஓடைபாவுக்குக் கடலைக் கடக்கும் ரெயின்போ பாலத்தின் உயரத்தை எட்ட ரயில் ஒரு பெரிய வட்டமடித்து ஏறும். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கிற பிள்ளைகூட இதில் சிரித்துக்கொண்டே வரும். மரீனா பேயில் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

சாப்பாட்டில் போட்டியே இல்லை. மரீனா பேயின் பேஃபிரண்ட் நிலையத்தில் டவுன்டவுன் லைன் மெட்ரோ ரயில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியா. தோசை, ஃபில்டர் காபி, தமிழிலேயே பேச்சு. ஓடைபாவில் சைவக்காரர்கள் திண்டாடுவார்கள். காய்கறி சூப் என்று எடுத்தாலும் அடியில் மீன் சாறு இருக்கும்.

பள்ளி விடுமுறையைப் பொறுத்தவரை டோக்கியோவுக்கு மே இரண்டாம் பாதி தோதானது: ஜப்பானியரின் விடுமுறை நெரிசல் முடிந்து, ஜூன் மழை தொடங்காத இடைவெளி. சிங்கப்பூர் எப்போதும் புழுக்கம்தான், மதியம் அறைக்குத் திரும்பி மாலை ஐந்துக்குமேல் வெளியே வாருங்கள். டோக்கியோவில் இருப்பவர்கள் பிற்பகல் ரயிலில் ஓடைபா போய், திரும்பும்போது படகு நேரம் ஒத்துவந்தால் தண்ணீர் வழியாக டோக்கியோவின் பழைய கோயில் பகுதியான அசகுசா வந்துவிடுங்கள்.