ஒடியல் மா ஆலை: கம்பனியா, கூட்டுறவா?

அண்ணா கனடாவிலிருந்து காசு போடுகிறார், காணி சித்தியுடையது, நின்று வேலை பார்ப்பது நான். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மா அரைத்துப் பொதி செய்யும் சின்ன ஆலை. எந்த மெஷின் வாங்குவது என்று இரண்டு மாதம் கதைத்தோம், யார் சொல்வது நடக்கும் என்று ஒருநாளும் கதைக்கவில்லை. அது பெரிய பிழை.

கம்பனியில் பங்குக்குத்தான் வாக்கு. அண்ணாவுக்கு 55 வீதம், சித்திக்கு 30, எனக்கு 15 என்று வைத்துப் பாருங்கள். இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி சாதாரண தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் வாக்குப் போதும், அதனால் பணிப்பாளர் சபையில் யார் இருப்பது என்பதை வழமையாக அண்ணா தனியே தீர்மானிக்கலாம். ஆனால் அகவிதிகளை (கம்பனி நடக்கும் உள்விதிகளை) மாற்றுவதற்கும், கம்பனிச் சொத்தில் பாதிக்கு மேல் பெறுமதியானதை விற்பதற்கும் விசேட தீர்மானம், அதாவது 75 வீதம் வேண்டும். சித்தி எதிர்த்து வாக்களித்தால் அது நிறைவேறாது. என்னுடைய 15 வீதத்தை வைத்துப் பொதுக்கூட்டத்தைக் கூட்டச் சொல்லலாம் (10 வீதம் இருந்தாலே போதும்), வெல்வதற்கு அது காணாது.

கூட்டுறவுச் சங்கத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். மூளாயில் ஆஸ்பத்திரியையே கூட்டுறவாக நடத்திக் காட்டிய ஊர் நாங்கள், அந்த முறையில் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. ஆனால் தை, மாசியில் கிழங்கு வந்து குவியும்போது அன்றைக்கே விலை பேசி எடுக்க வேண்டும், நிர்வாகக் குழு கூடும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முகாமையாளருக்கு உச்ச விலையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் சமாளிக்கலாம். அப்புறம், மேலே அரசாங்கத்தின் கூட்டுறவு ஆணையாளர் இருக்கிறார், சங்கம் சரியாக நடக்காவிட்டால் குழுவையே கலைக்க அவருக்கு அதிகாரம் உண்டு.

பங்குடைமை, அதாவது கம்பனி பதியாமல் பங்காளிகளாகச் சேர்ந்து நடத்துவது? புதிதாக ஒருவரைச் சேர்க்க எல்லாரும் சம்மதிக்க வேண்டும் என்பது நல்லதுதான், ஆனால் தொழில் கடனுக்கு எங்கள் வீடும் போகலாம். அதை விட்டேன்.

கிழங்கு தரும் குடும்பங்களும் சொந்தக்காரர்களாக வருவதென்றால் கூட்டுறவுதான் நியாயம். மூன்று பேர், மூன்று அளவுக் காசு என்றால் கம்பனி. ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: காணியைக் கம்பனி பெயருக்கு உறுதி எழுதினால் அது கம்பனியின் காணி, சித்திக்கு மிஞ்சுவது பங்கு மட்டும். அதனால் குத்தகைக்குத்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், அண்ணாவும் சரி என்றுவிட்டார்.