குடில் செட் அருமை, குழந்தையின் கிரீடம்தான் இடிக்கிறது

இயேசு பிறந்த காட்சியைக் காட்டும், மொத்தம் 11 உருவங்கள் கொண்ட கிறிஸ்துமஸ் குடில் செட் இது. வாங்கி மூன்று மாதம் ஆகிறது. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்ட வாங்கியதால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நோண்டிப் பார்த்துவிட்டேன். 5க்கு 3 நட்சத்திரம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீவனத் தொட்டி அபாரம். வழக்கமாக இதைத் தொட்டில் மாதிரி வழவழவென்று செய்துவிடுவார்கள். இதில் விளிம்பு தேய்ந்து, ஒரு மூலை மாடு கடித்ததுபோல் சிதைந்திருக்கிறது. லூக்கா நற்செய்தியில் இடையர்களுக்கு வானதூதர் சொல்லும் அடையாளமே இந்தத் தொட்டிதானே. இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரின் விரல்களும் தச்சருக்கு உரிய தடிமனோடு இருக்கின்றன.

உருவங்களின் அளவும் பிடித்திருந்தது. ஒட்டகம் 16 செ.மீ., குழந்தையைப் பார்க்க வரும் ராஜாக்கள் 14. குழந்தை 4 செ.மீ.கூட இல்லை. பெட்டியைப் பிரித்த அன்றே பொட்டலத் தாளோடு குப்பைக்குப் போயிருக்கும். எண்ணிப் பார்த்தபோது ஒன்று குறைந்ததால் தேடி எடுத்தேன். பிலிப்பியர் திருமுகத்தில் கடவுளான இயேசு ‘தம்மையே வெறுமையாக்கி’ மனிதரானார் என்று பவுல் எழுதியதை எத்தனையோ தடவை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். கசங்கிய தாளுக்குள் கையை விட்டுத் துழாவியபோதுதான் அது எனக்கே உறைத்தது.

இனி குறை. அந்தத் துளியூண்டு குழந்தையின் தலையில் தங்க நிறக் கிரீடம்! கிரீடம் சூடிய குழந்தை இயேசு உருவங்கள் உண்டு, செக் நாட்டின் பிராகாவில் இருப்பது உலகப் பிரசித்தம். அந்த பக்தியைக் குறை சொல்லவில்லை. ஆனால் தொட்டியில் கிடக்கும்போது கிரீடம் வைத்தால் அர்த்தமே மாறிவிடுகிறது. வகுப்பில் ஒரு சிறுவன் உடனே கேட்டான்: “ராஜா மாறுவேஷத்துல வந்திருக்காரா?”

அவன் மேல் தப்பில்லை. ராஜா இரவில் மாறுவேடத்தில் நகர்வலம் போகும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கதைகளில் விடிந்ததும் ராஜா அரண்மனைக்குத் திரும்பிவிடுவார், பசித்தவன் பசித்தபடியே இருப்பான். இங்கே வேடமே கிடையாது. இயேசு மனிதரைப்போலத் தோன்றினார், அவ்வளவுதான் என்ற கருத்தைத் திருச்சபை தொடக்கத்திலேயே தள்ளிவிட்டது. 451இல் ஆயர்கள் கூடிய கால்செதோன் பொதுச்சங்கம் அவர் உண்மையாகவே கடவுள், உண்மையாகவே மனிதர் என்று அறுதியிட்டது. கிணற்றடியில் களைத்து உட்கார்ந்ததும், சீடர்களின் காலைக் கழுவியதும், சிலுவையில் தாகம் என்றதும் நடிப்பில்லை. இதையெல்லாம் அந்தப் பையனுக்குச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. கிரீடம் இல்லாமலிருந்தால் மிச்சமாகியிருக்கும்.

மூன்றாவது ராஜாவின் பேழை திறந்திருக்கிறது, உள்ளே வெள்ளைப்போளம் என்ற நறுமணப் பிசின். யோவான் நற்செய்தியில் இயேசுவின் அடக்கத்துக்கு நிக்கதேம் என்பவர் கொண்டுவருவதும் வெள்ளைப்போளம் கலந்ததுதான். கீழைத் திருச்சபைகளின் பிறப்பு ஓவியங்களில் பிறப்பிலேயே சாவை நினைவூட்டும்படி தொட்டியையே கல் சவப்பெட்டி மாதிரி வரைந்திருப்பார்கள். அந்தத் துணிச்சலில் கொஞ்சம் இந்தச் செட்டிலும் இருக்கிறது. அதனால்தான் கிரீடத்தைப் பார்த்து அவ்வளவு எரிச்சல்.

கூடவே வரும் விளக்க அட்டையை நம்ப வேண்டாம். மாடும் கழுதையும் லூக்காவில் வருவதாகப் போட்டிருக்கிறது. எந்த நற்செய்தியிலும் இல்லை. பழைய ஏற்பாட்டின் எசாயா நூல் முதல் அதிகாரத்திலிருந்து குடிலுக்குள் நுழைந்தவை அவை.

கிரீடமில்லாத குழந்தை தனியாகக் கிடைக்குமா என்று விற்றவர்களிடம் கேட்டேன். கிரீடத்துக்குக் கூடுதல் கட்டணம் எதுவும் இல்லை, கவலைப்பட வேண்டாம் என்று பதில் வந்தது. சரி என்று நானே பிளேடால் நெம்பி எடுத்தேன். உச்சந்தலையில் பெயின்ட் பெயர்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. நீங்களும் எடுப்பதாக இருந்தால் முதலில் வெந்நீரில் ஊறவைத்துப் பாருங்கள். பசை பலமாகப் பிடித்திருக்கிறது.